ஒரு ஃபிளைட்டுக்கு எத்தனை படி?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

எட்டாம் வகுப்பு ஓணப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பாலக்காட்டு எல்லையில் எங்கள் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவு. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க மூன்று வாக்கியங்கள் கொடுத்திருந்தேன். மூன்றிலும் ‘ஃபிளைட்’ என்ற சொல் வந்துவிட்டது. திட்டமிட்டு வைத்த பொறி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கவனிக்காமல் நேர்ந்தது என்பதே உண்மை.

பிள்ளைகள் எழுதியதைப் பாருங்கள். “பகைவர் படையைக் கண்டதும் ஊர்மக்கள் விமானம் பிடித்தார்கள்.” “கோயிலுக்குச் செல்லப் படிகளின் விமானம் இருந்தது.” “கிளிகளின் விமானம் வயலில் இறங்கியது.”

முதல் விடைக்குச் சிரித்தேன். மூன்றாவதற்குச் சிரிக்க மனம் வரவில்லை. கதிர் முற்றிய வயலில் கிளிக்கூட்டம் சாய்ந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது அப்படி ஒன்றும் மோசமான வாக்கியம் அல்ல. இரண்டாவதுதான் என்னைக் குழப்பிவிட்டது. கருவறைக்கு மேலே எழும்பும் கட்டடத்துக்கும் விமானம் என்றுதானே பெயர்? தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 200 அடிக்கு மேல் உயரம். அதை நினைத்து எழுதினாயா என்று அந்தப் பையனைக் கேட்டால் “ஆமாம் டீச்சர்” என்பான். எதைக் கேட்டாலும் ஆமாம் என்பவன்.

மதிப்பெண் இருக்கட்டும். பறப்பது, தப்பி ஓடுவது, படிக்கட்டு, பறவைக் கூட்டம் எல்லாம் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன? திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். அகராதியைப் பார்த்துவிட்டேன். அது பொருள்களை அடுக்குகிறது, காரணம் சொல்லவில்லை.

சித்தூர் மேஸ்திரி எழுதியது:

டீச்சர், உங்கள் பையனுக்கு முழு மதிப்பெண் போடுங்கள். எங்கள் வேலையில் ஃபிளைட் என்றால் படிதான். இருபத்தைந்து வருடமாக வீடு கட்டுகிறேன். ஒரு லேண்டிங்கிலிருந்து, அதாவது படி திரும்பும் சமதளத்திலிருந்து, அடுத்த லேண்டிங் வரை இருக்கும் படிவரிசை ஒரு ஃபிளைட். படியின் நிமிர்ந்த முகத்தை ரைசர் என்போம். பத்தடி உயரத் தளத்துக்கு அரையடி வீதம் இருபது ரைசர் வரும். பத்து ஏறி, லேண்டிங்கில் திரும்பி, பத்து ஏறினால் மாடி. ஆக இரண்டு ஃபிளைட். அதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பத்து ரைசருக்குக் கால் வைக்கும் மிதி ஒன்பதுதான், பத்தாவது மிதி லேண்டிங்கே. புதிதாக வந்த பையன்கள் இந்த இடத்தில்தான் கிரானைட்டை ஒன்று கூடுதலாக வெட்டிவிடுவார்கள்.

இந்தச் சொல்லால் எனக்கு ஒரு கூத்து நடந்தது, சொல்கிறேன். வேலந்தாவளம் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். வீட்டில் அவருடைய அம்மாவும் மனைவியும். தினமும் மாலையில் வேலை நிலவரத்தை வீட்டுக்காரருக்கு ஃபோனில் ஒரு குழுவில் குரல் பதிவாக அனுப்புவேன். அந்தக் குழுவில் அம்மாவும் இருப்பது எனக்குத் தெரியாது. “முதல் ஃபிளைட் நல்லபடியாக இறங்கிவிட்டது. இரண்டாவது ஃபிளைட் வெள்ளிக்கிழமை காலை. மழை வந்தால் மட்டும் தள்ளிப்போகும்” என்று சொன்னேன். கான்கிரீட் இறங்கியதைத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை சென்ட்ரிங் பலகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறோம். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். கையில் தூக்குச்சட்டி, அதில் மகனுக்குப் பிடித்த அரிசி முறுக்கு. “நெடும்பாசேரியிலிருந்து வர மூன்று மணி நேரம் ஆகுமாமே? முதல் ஃபிளைட்டிலேயே வந்திருக்கலாம், எதற்கு இரண்டாவது வரை காத்திருந்தான்?” என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சொல்ல வாய் வரவில்லை. கம்பி கட்டுகிற பையன்தான் சொன்னான். அவர் ஒன்றும் பேசவில்லை. முறுக்கை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, கட்டி முடித்த முதல் ஃபிளைட்டில் ஒரு கை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பி2 படிக்கும் நர்ஸ் எழுதியது:

மேஸ்திரி அண்ணா, முறுக்கு என்று வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் வீட்டிலும் இரண்டு பேர் வெளிநாட்டில்.

டீச்சர் கேட்ட காரணத்துக்கு என்னிடம் பாதி விடை இருக்கிறது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஜெர்மன் மொழியில் பி2 நிலை படிக்கிறேன். அங்கே இவை இரண்டும் தனித்தனிச் சொற்கள். பறத்தலுக்கு ஃப்ளூக். விமான நிலையம் ஃப்ளூக்ஹாஃபன், அதாவது பறக்கும் துறைமுகம். தப்பி ஓடுதலுக்கு ஃப்ளுக்ட். அகதிக்கு அதிலிருந்து பிறந்த சொல் ஃப்ளூஷ்ட்லிங். முதல் மாதத்தில் நான் இரண்டையும் மாற்றி, “எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோயம்புத்தூரில் அகதி நிலையம் இருக்கிறது” என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னேன். ஆசிரியை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம் என்பதால் ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் இரண்டு வேர்கள்தான் என்று அவர் விளக்கினார். பறப்பதற்கு ஃபிளேயோகன், தப்பி ஓடுவதற்கு ஃபிளேயோன். ஒலி இவ்வளவு நெருக்கமாக இருந்ததால் பழைய ஆங்கிலத்தில் எழுதியவர்களே ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டார்களாம். வினைச்சொல்லில் இன்றைக்கும் ஃபிளை, ஃபிளீ என்று பிரிந்தே இருக்கின்றன. இறந்தகாலமும் ஃப்ளூ, ஃப்ளெட் என்று வேறு வேறு. பெயர்ச்சொல்லாகும்போது மட்டும் இரண்டும் ஃபிளைட். டச்சு மொழியிலும் இப்படியே ஒன்றாகிவிட்டதாம்.

அதனால் டீச்சர், இது பல பொருள் கொண்ட ஒரு சொல் அல்ல. ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் இரண்டு ஆள்கள்.

முதலமடைப் பறவை எழுதியது:

இதைத்தான் நான் வறுமை என்பேன். ஆங்கிலத்தைத் தலையில் வைத்து ஆடுகிறோம், அதற்கோ பறவை பறந்தாலும் ஃபிளைட், திருடன் ஓடினாலும் ஃபிளைட். நாம் பறவைகள் பருவத்துக்குப் பருவம் இடம்மாறிப் பறப்பதற்கு வலசை என்று தனிச் சொல் வைத்திருக்கிறோம். 2022இல் குறியிட்டு அனுப்பிய ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் தரை தொடாமல் கடந்தது. சுமார் ஐந்து மாதமே ஆன குஞ்சு. அதற்கும் ஃபிளைட், நெடும்பாசேரியிலிருந்து ஷார்ஜா போவதற்கும் ஃபிளைட் என்றால் என்ன நியாயம்?

மீன்கரை அணையில் பனிக்காலக் காலை ஒன்றில் வாத்துகள் எழும்புவதை நின்று பாருங்கள். முதலில் தண்ணீரை அடிக்கும் ஓசை, அதன்பின் இறக்கை ஓசை, அதன்பின் எதுவும் கேட்காது. இந்த மூன்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துவிடும்.

சூலூர் ஓய்வு எழுதியது:

பறவைத் தம்பி ஆங்கிலத்தின்மேல் இவ்வளவு கோபப்பட வேண்டாம். பறவைக் கூட்டத்துக்கு ஃபிளைட் என்று சொன்னதிலிருந்துதான் எங்கள் விமானப்படைச் சொல்லும் வந்தது. சேர்ந்து பறக்கும் சில விமானங்கள் ஒரு ஃபிளைட், சில ஃபிளைட்டுகள் சேர்ந்தால் ஸ்குவாட்ரன். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி பிறந்தது. ஆனால் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில் அதன் முதல் பறக்கும் பிரிவு அமைந்தபோது இருந்தது நான்கு வாப்பிட்டி விமானங்கள் கொண்ட ஒரே ஒரு ‘ஏ’ ஃபிளைட். அவ்வளவு பெரிய படையும் ஒரு ஃபிளைட்டாகத்தான் தொடங்கியது.

பதவிப் பெயரிலும் அது ஒட்டிக்கொண்டது. ஃபிளைட் லெப்டினன்ட் தரைப்படையின் கேப்டனுக்கு இணை. எல்லா ஃபிளைட் லெப்டினன்டும் விமானம் ஓட்டுபவர் அல்லர். என் பெண்ணுக்கு வரன் பார்த்தபோது தரகர் ஒருவர் “பையன் ஃபிளைட் லெப்டினன்ட், தினமும் ஃபிளைட்டில்தான் போவார்” என்றார். பையனுக்குக் கணக்குப் பிரிவில் மேசை வேலை.

இன்னொன்று. நம் ஊரில் வானத்தைக் காட்டி “ஃபிளைட் போகிறது பார்” என்கிறோம். ஆங்கிலேயன் அந்தப் பொறியைப் பிளேன் என்பான். பயணத்துக்கும், அந்தப் பயணத்துக்கென்று நேரம் குறித்துப் புறப்படும் வண்டிக்கும்தான் ஃபிளைட். பட்டறையில் இறக்கை கழற்றி வைத்திருப்பதை யாரும் ஃபிளைட் என்று சொல்லமாட்டார்கள். நாம்தான் அதற்கும் சொல்கிறோம். தவறு என்று சொல்லவில்லை. இறக்குமதி செய்தபிறகு சரக்கு நம்முடையது.

காற்றுக்கு எதிர்ப்பக்கம் எழுதியது:

படி, பறவை, படை எல்லாம் ஆயிற்று. கிரிக்கெட்டை யாருமே தொடவில்லையே! சுழல்பந்து வீச்சாளருக்கு ஃபிளைட் இல்லாவிட்டால் வேறு என்ன இருக்கிறது? பிரசன்னாவையும் பேடியையும் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்வது அந்தச் சொல்லைத்தான். பந்தை மட்டையாளரின் கண்மட்டத்துக்கு மேலே தூக்கிவிட வேண்டும். அவர் இங்கே விழும் என்று காலை நீட்டுவார். மேல்சுழற்சி கொடுத்திருந்தால் பந்து கடைசி நேரத்தில் சட்டென்று தாழ்ந்து, அவர் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்துவிடும்.

நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே, ஆடியில் மேற்கிலிருந்து பனைமட்டையைக் கிழித்துக்கொண்டு வருமே, அதை எதிர்த்து வீசிப் பாருங்கள். பந்து காற்றில் நின்று யோசிக்கும். அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீசினால் ஃபிளைட்டாவது ஒன்றாவது, நேராக மட்டையில் போய் விழும். எங்கள் மைதானத்தில் டாஸில் வென்றவன் கேட்பது மட்டையா பந்தா அல்ல, எந்தப் பக்கம் என்பதுதான்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘மிதக்க விடு’ என்று எங்கள் பயிற்சியாளர் சொல்வார். எனக்கு அது போதும்.

ரைஸ்மில் கணக்கு எழுதியது:

எங்கள் மில்லில் நெல்லைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூ கன்வேயர் இருக்கிறது. தண்டைச் சுற்றி முறுக்காகப் போகும் அந்தத் தகட்டுக்கும் ஃபிளைட் என்றுதான் பெயர். சாதாரணமாக அதன் விட்டம் எவ்வளவோ, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளியும் அவ்வளவு. உமி உரசி உரசி ஓரம் கத்திபோல் ஆனதும் மாற்றுவோம். சென்ற மாதம் உதிரிபாகக் கடை ஒன்றில் “ஃபிளைட் எத்தனை?” என்று கேட்டார்கள். பதினான்கு என்றேன். பக்கத்தில் நின்றவர் என்னைப் பெரிய முதலாளி என்று நினைத்து வணக்கம் சொன்னார்.

சித்தூர் கோர்ட் வாசல் எழுதியது:

வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்களுக்கு இரண்டாவது ஆள்தான் பழக்கம், அதாவது ஓடிப்போகிற ஃபிளைட். ஜாமீன் மனு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் சொல்வது, இவர் தப்பிச் செல்லக்கூடியவர் என்று. எல்லையோர ஊர் என்பதால் இங்கே அந்த வாதத்துக்குக் கூடுதல் மதிப்பு. கோபாலபுரம் தாண்டினால் வேறு மாநிலம், வேறு போலீஸ்.

சம்பவத்துக்குப் பிறகு ஒருவர் தலைமறைவானால் அது நடத்தை என்ற முறையில் பழைய சாட்சியச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 6ஆம் பிரிவு. ஆனால் ஓடினான் என்பதாலேயே குற்றவாளி என்று ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பயந்தவனும் ஓடுவான்.

ஒரே நாளில் மூன்று மொழியில் இந்த ஒரு செய்தியைக் கேட்கிறேன். ஆங்கில மனுவில் ஃபிளைட். மலையாளத்தில் பலாயனம் என்று எழுதினால் கனமாக இருக்கிறது, ஒளிச்சோட்டம் என்றால் காதல் ஜோடி நினைவுக்கு வருகிறது. கட்சிக்காரர் தமிழில் “நான் எங்கேயும் ஓடவில்லை சார், மச்சான் வீட்டில்தான் இருந்தேன்” என்கிறார்.

வடகரப்பதி ஞாயிறு எழுதியது:

வேதாகமத்தில் யோசேப்புக்குக் கனவில் வந்த கட்டளை “எகிப்துக்கு ஓடிப்போ” என்பதே. ஆங்கிலச் சித்திரங்களில் அந்தக் காட்சிக்கு ‘எகிப்துக்கு ஃபிளைட்’ என்று தலைப்பு இருக்கும். ஞாயிறு வகுப்பில் அதைப் படம் வரையச் சொன்னபோது ஒரு சிறுவன் குடும்பத்தை ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்துக் கொண்டுவந்தான். கழுதையை விட்டுவிட்டாயே என்றேன். பின்னால் சரக்குப் பகுதியில் இருக்கிறது என்று காட்டினான்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

கழுதையை மறக்காதவனுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு என்று சொல்லுங்கள்.

எல்லாருடைய பதிலையும் இரண்டு கூடையில் போட்டுப் பார்த்தேன். ஓடுகிற கூடையில் ஊர்மக்கள், ஜாமீன்காரர், யோசேப்பு. நாட்டைவிட்டு மூலதனம் வெளியேறுவதும் இதில்தான். உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் எழுதிய நூலில் விளக்கினாரே, ஆபத்தில் உடம்பு எதிர்க்கவோ ஓடவோ தயாராவது, அதுவும் இங்கேதான். (கஞ்சிக்கோட்டில் யானையை எதிரில் பார்த்த என் தம்பியின் உடம்பு இரண்டில் எதையும் செய்யவில்லை. அப்படியே நின்றது. யானைதான் போயிற்று.) பறக்கிற கூடையில் பறவை, படை, பந்து, கற்பனை.

எதிலும் சேராமல் நிற்பது படிக்கட்டு மட்டும். பிரெஞ்சில் பறவைக் கூட்டத்துக்கும் படிவரிசைக்கும் ஒரே சொல், வோலே. ஆகவே படியைப் பறவையின் பக்கம் வைப்பதுதான் முறை. ஓரிடத்திலிருந்து எழும்பி இன்னோரிடத்தில் இறங்கும் வரை ஒரு வீச்சு. பறப்பதற்கும் லேண்டிங் உண்டு, படிக்கும் லேண்டிங் உண்டு. மில்காரர் சொன்ன முறுக்குத் தகடும் எனக்கு வட்டப் படிக்கட்டைப் போலத்தான் தோன்றுகிறது, இது என் ஊகம்.

முதலமடைப் பறவை எழுதியது:

டீச்சர் அழகாகப் பிரித்துவிட்டீர்கள். ஆனாலும் வறுமை வறுமைதான். இவ்வளவுக்கும் நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது.

பழைய புலவர் எழுதியது:

தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். போலீஸைக் கண்டதும் திருடன் ‘பறந்துவிட்டான்’ என்கிறோமா இல்லையா? ‘சிட்டாய்ப் பறந்தான்’, ‘பறந்தோடினான்’ என்கிறோம். இறக்கையும் காலும் நம்மிடமும் சேர்ந்தேதான் இருக்கின்றன. ஆங்கிலேயனுக்கு ஒலியால் சேர்ந்தன, நமக்கு உவமையால் சேர்ந்தன.

ஓட்டம் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கல்பாத்தியில் தேரோட்டம். வாய்க்காலில் நீரோட்டம். கம்பியில் மின்னோட்டம். மனத்தில் எண்ணவோட்டம். கிரிக்கெட்டில் எடுப்பதும் ஓட்டம், புது வண்டியை முதலில் விட்டுப் பார்ப்பது வெள்ளோட்டம், கடன்காரனைக் கண்டால் பிடிப்பதும் ஓட்டம். கண்ணோட்டம் என்றால் வள்ளுவருக்கு இரக்கம், 58ஆம் அதிகாரமே அதற்குத்தான். இன்று செய்தித்தாளில் அது பார்வைக் கோணம். ஒரு வெள்ளைக்காரன் தமிழ் படிக்க வந்து இவ்வளவையும் பார்த்தால் நம்மை என்னவென்று சொல்வான்? பஞ்சம் பிடித்த மொழி என்றா?

முதலமடைப் பறவை எழுதியது:

வலசையை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன், ஐயா.

பழைய புலவர் எழுதியது:

விட வேண்டாம். அது நல்ல சொல். மனிதர் ஊர்விட்டு ஊர் போவதற்கும் அதே சொல் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சித்தூர் மேஸ்திரி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். துலா மழைக்கு முன்னால் மொட்டைமாடி வரை ஏற்றிவிட வேண்டும் என்று ஓட்டம். (புலவர் ஐயா கணக்கில் இன்னொன்று சேர்த்துக்கொள்ளட்டும்.)

அதே வேலந்தாவளத்து வீடு. நேற்று மூன்றாவது ஃபிளைட்டை வார்த்தோம். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். முன்பு பட்ட பாடு நினைவிருந்ததால் ஃபிளைட் என்ற சொல்லையே எடுக்கவில்லை. நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: “அம்மா, இன்றைக்குப் பத்துப் படி முடிந்தது. நாளை மறுநாள் இன்னும் பத்துப் படி.”

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். “இவர்களுக்கு எதற்கு இத்தனை அரிசி அளந்து கொடுக்கிறாய்?”